கண்டிக்கு வந்த வழிகள்

கண்டியைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதலில் எழுதுவது அதன் மலைகளைத்தான். மூன்று பக்கமும் வளைந்தோடும் மகாவலி கங்கை, தெற்கே ஹந்தானை, வடகிழக்கே நக்கிள்ஸ் தொடர், மேற்கே பலனைக் கணவாய். இயற்கையே கட்டிக் கொடுத்த கோட்டை இது. ஆகவே போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் இதை நிலையாகப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. கடைசியில் 1815இல் உள்ளிருந்தவர்களின் காட்டிக்கொடுப்பினால் ஆங்கிலேயர் வசமாயிற்று. பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து சுற்றுலாப் பயணிக்கு வழிகாட்டி சொல்லும் விளக்கம் வரை இந்தக் கதையே திரும்பத் திரும்ப வருகின்றது.

இதைப் பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் மலையை மட்டும் பார்த்து எழுதிய கதை இது. மலையூடாகச் சென்ற வழிகளையும் சேர்த்துப் பார்த்தால் கண்டியின் வரலாறு வேறொரு தோற்றம் கொள்கின்றது. அந்தத் தோற்றத்தில் தமிழர்களாகிய நாமும் இருக்கிறோம், அதுவும் இரண்டு தடவை: ஒரு தடவை சிம்மாசனத்தில், மறு தடவை தலையில் சட்டிபானைகளைச் சுமந்தபடி. இவ்விரண்டையும் நாம் எப்போதும் வெவ்வேறு அத்தியாயங்களாகவே படித்து வந்திருக்கிறோம். கண்டி இராச்சியம் 1815இல் முடிகிறது. புத்தகத்தைப் புரட்டினால் அடுத்த பக்கத்தில் பெருந்தோட்டம் தொடங்குகிறது. இரண்டும் ஒரே மலைச்சரிவில், ஒரே பாதைகளின் வழியாக, பத்து வருட இடைவெளிக்குள் நடந்தவை என்பது எவருக்கும் உறைப்பதில்லை. நான் பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்த நாட்களில் வரலாற்றை ஒரு மண்டபத்திலும் புவியியலை இன்னொரு மண்டபத்திலும் கற்றோம். ஒன்றில் கேட்டதை மற்றதோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம், பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இந்த வீதிகளில் பஸ்ஸிலும் லொறியிலும் அலைந்த பிறகுதான் வந்தது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இலங்கையின் நடுப்பகுதி படிப்படியாக உயர்ந்து செல்வது. கரையோரச் சமவெளி ஒரு படி. கண்டி நிற்கும் ஏறக்குறைய 500 மீற்றர் உயரப் பீடபூமி அடுத்த படி. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் அதற்கும் மேலே. கண்டி என்ற பெயரே 'கந்த உட ரட்ட', அதாவது மலைமேல் நாடு என்ற சிங்களத் தொடரைப் போர்த்துக்கேயர் தம் நாவுக்கு ஏற்பச் சுருக்கிக் கொண்டதிலிருந்து வந்தது. சிங்கள மக்கள் அந்நகரை மகாநுவர என்றே சொல்கின்றனர். கண்டி நகரம் உச்சியில் இருக்கும் நகரமன்று. உச்சிகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற பள்ளத்தில் கிடப்பது. உச்சியில் இருக்கும் கோட்டையைக் காக்க மதில் போதும். கிண்ணத்தின் அடியில் இருக்கும் நகரைக் காக்க, விளிம்பில் உள்ள ஒவ்வொரு கணவாயையும் காக்க வேண்டும். கொழும்புப் பக்கத்துக்குப் பலனை, குருநாகல் பக்கத்துக்குக் கலகெதர, வடக்கே மாத்தளை வழி, கிழக்கே மகியங்கனைக்கு இறங்கும் வழி. மன்னர்களின் கவலையெல்லாம் இந்த வாசல்களில்தான் இருந்தது.

1594இல் பேதுரு லோப்பெஸ் த சூசா தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படை தந்துறையில் அழிந்தது. 1630இல் ரந்தெனிவெலவில் கொன்ஸ்தந்தீனோ த சா மாண்டார். 1638இல் தியோகோ த மெல்லோவின் படை, கண்டிக்குள் புகுந்து திரும்பும் வழியில் கன்னொருவையில் மறிக்கப்பட்டு முற்றாக ஒழிந்தது. 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் நகரைக் கைப்பற்றினார். அங்கே தங்க முடியாமல் இறங்கினார். 1803இல் ஆங்கிலேயர் நகருக்குள் நுழைந்தனர். நோயினால் பாதிப்பேர் படுத்துவிட, எஞ்சியோர் மேஜர் டேவியுடன் சரணடைந்து வெளியேறினர். வட்டபுளுவவில் மகாவலி பெருகி ஓடிக்கொண்டிருந்தது. கடக்க வழியின்றி அந்தக் கரையிலேயே பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். இந்தத் தோல்விகளுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. உள்ளே வருவது எல்லோருக்கும் முடிந்திருக்கிறது. இருப்பதும் திரும்பிப் போவதும்தான் முடியவில்லை. நகரைக் காலிசெய்துவிட்டு மலைக்குள் மறைந்துவிடுவதும், எதிரியின் பின்னால் வழியை வெட்டி மறிப்பதுமே கண்டியரின் போர்முறை. அரண் என்று நாம் சொல்வது உண்மையில் வழிகளின் மேலிருந்த அதிகாரம்.

றொபேட் நொக்ஸ் இதை நன்றாகக் கண்டுகொண்டவர். கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக வாழ்ந்த அந்த ஆங்கிலேயர், 1681இல் வெளிவந்த தமது நூலில் இந்நாட்டின் பாதைகளை விவரிக்கிறார். ஒற்றையடிப் பாதைகள், அவற்றில் முட்படலைகள், படலைகளில் காவல். பாதையை அகலமாக்க அரசன் விரும்பவில்லை என்பதையும் குறிப்பிடுகிறார். தன் நாட்டுக்குள் நடமாடுவது சிரமமாகவே இருக்க வேண்டும் என்று எண்ணிய அரசன் அவன்.

ஆனாலும் பாதைகள் இருந்தன. இருக்கவே வேண்டியிருந்தது. மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், மிளகும் கறுவாவும் கிடைக்கும், உப்பு விளையாது. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்துதான் ஏறிவர வேண்டும். பொதிமாடுகளைச் சாய்த்துக்கொண்டு வரும் தவளக்காரர்களே அவற்றைக் கொண்டு வந்தனர். இவர்களில் முஸ்லிம்கள் பெரும்பங்கினர். போர்த்துக்கேயரால் கரையோரத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைச் செனரத் மன்னன் ஏற்று, மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றியதும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியது. கிழக்குக் கரையின் துறைகள் வழியாகக் கண்டி கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. 1766இல் ஒல்லாந்தர் செய்த உடன்படிக்கை கரையோரம் முழுவதையும் பறித்துக்கொண்டபோதுதான் கண்டி உண்மையிலேயே முற்றுகையிடப்பட்ட நாடாயிற்று. நகரைப் பிடிக்க முடியாதவர்கள் உப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அரண் என்ற பெருமைக்குள் இந்த உப்புக் கதையைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

வழிகளின் மூலம் உப்பு மட்டும் வரவில்லை, அரசிகளும் வந்தனர். மதுரை நாயக்கர் குடும்பங்களிலிருந்து பெண்ணெடுப்பது கண்டி அரச குலத்தின் வழக்கமாகிவிட்டிருந்தது. 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசின்றி இறந்தபோது அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினான். அன்றிலிருந்து 1815 வரை, நான்கு மன்னர்கள், 76 வருடம், கண்டியை ஆண்டது அந்த வம்சமே. சைவச் சூழலில் பிறந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில்தான், 1753இல், சீயத்திலிருந்து உபாலி தேரர் அழைத்துவரப்பட்டு இலங்கையில் பௌத்தத் துறவு மரபு மீள நிலைநாட்டப்பட்டது. நாம் இன்று காணும் எசல பெரஹராவில் தந்ததாதுவுக்கு முதலிடம் கிடைத்ததும் அவன் காலத்தில்தான். அதே பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களோடு பத்தினி தேவாலயமும் ஊர்வலம் வருகின்றது. அந்தப் பத்தினி வேறு யாருமல்லர், நம் கண்ணகி.

எல்லாம் இணக்கமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அரசன் திருநீறு அணிவதைப் பிரதானிகள் சிலர் விரும்பவில்லை. 1760இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொல்லவே சதி நடந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை (இயற்பெயர் கண்ணுசாமி) தமிழர் தரப்பில் சிலர் மாவீரனாக்கி எழுதுகின்றனர். அவனுடைய கொடுமைகளை மறைத்து எழுதுவதில் நமக்கு எந்தப் பெருமையும் இல்லை. அவன் 1807இல் வெட்டுவித்த வாவி இன்று நகரின் முகமாக இருக்கிறது. அதை வெட்டிய குடிமக்கள் அன்று அவனை வாழ்த்தியிருக்க மாட்டார்கள்.

இனி 1815க்கு வருவோம். பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரப் பகுதியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்ட பிரதானிகள் சிலரின் ஒப்பத்தில் தமிழ் எழுத்துகள் இருப்பதை நம்மவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அது சுவையான தகவல்தான். ஆனால் அதைவிடப் பாரதூரமான ஒன்று அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவை ஏனோ நம்மவர்கள் வாசிப்பதில்லை. பதவி இழந்த மன்னனின் ஆண் உறவினர்கள் அனைவரும் அரசின் பகைவர்கள் என்றும், அவர்கள் கண்டி மாகாணங்களுக்குள் நுழைந்தால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்றும் அது கூறுகிறது. அத்தோடு நிற்கவில்லை. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் எவரும் அனுமதியின்றித் திரும்பி வந்தால் அவர்களுக்கும் அதே தண்டனை. மலபார் என்பது அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரைக் குறிக்க வழங்கிய சொல். நகருக்குள் நாயக்க உறவினர்கள் குடியிருந்த தெருவுக்கும் மலபார் வீதி என்றே பெயர் வைத்திருந்தனர்.

ஆக, தமிழன் கண்டிக்கு அந்நியன் என்ற வரையறை முதன்முதலில் சட்ட வாசகமாக எழுதப்பட்டது ஆங்கிலத்தில், ஆங்கிலேயரின் தேவைக்காக. கண்டி மக்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்களா? மூன்று வருடம் கூடச் செல்லவில்லை. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது, கிளர்ச்சியாளர்கள் அரசனாக முன்னிறுத்திய வில்பாவே என்பவன் தன்னை மன்னனின் உறவினன் துரைசாமி என்றே சொல்லிக்கொண்டான். அவன் பொய்யன் என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆனால் அந்தப் பொய் எதை நம்பிச் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நாயக்கனென்று சொன்னால்தான் மலைநாட்டு மக்கள் திரள்வார்கள் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான், கணக்கும் பொய்க்கவில்லை. உண்மை மன்னன் அப்போது வேலூர்க் கோட்டையில் சிறையிருந்தான். 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் அடக்கமான இடத்தில் தமிழ்நாட்டு அரசு எழுப்பிய முத்து மண்டபம் நிற்கிறது.

கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட பாடம், மலைநாட்டை வைத்திருக்க வேண்டுமானால் வழியை அகலமாக்க வேண்டும் என்பது. இரண்டாம் இராஜசிங்கன் எதைச் செய்யக்கூடாது என்று நினைத்தானோ அதையே எட்வேட் பார்ன்ஸ் செய்தார். ராஜகாரிய முறையில் மக்களைப் பிடித்துவந்து, கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து, கொழும்பு-கண்டி வீதி போடப்பட்டது. அதை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் கோபுரம் இருக்கிறது. கல் சுமந்தவர்களுக்கு ஏதுமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீதி வந்ததும் கோப்பி வந்தது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1820களின் முற்பகுதியில் தோட்டம் தொடங்கினார். பார்ன்ஸே கன்னொருவையில் பயிரிட்டார். போர்த்துக்கேயப் படை அழிந்த அதே கன்னொருவை! வேலைக்கு ஆள் எங்கிருந்து? மூன்றாம் பிரிவின் மை காய்வதற்குள், இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்று விலக்கப்பட்ட அதே 'மலபார்' ஆண்களை, இம்முறை பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும்படி, அதே ஆட்சி அழைத்தது. தென்னிந்தியாவிலும் இந்த வரிசை அப்படியேதான் நடந்தது. 1834இல் குடகு இராச்சியத்தைப் பிடித்தார்கள், மன்னனை நாடுகடத்தினார்கள், பின்னர் அந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. மலை இராச்சியங்களை ஆங்கிலேயர் கையாண்ட முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னால் புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடை. இன்றைய வீதிக் கணக்கில் தலைமன்னாரிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர். தண்ணீரில்லாத காடு, வாந்திபேதி, காய்ச்சல். வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அப்படி மாண்டவர்கள் ஆயிரமாயிரம். நொக்ஸ் 1679இல் தப்பியோடியபோது அநுராதபுரம் சென்று, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு, அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். ஏறத்தாழ அதே தடத்தில், எதிர்த்திசையில் இவர்கள் ஏறினார்கள். ஒருவருக்கு அது விடுதலைக்குப் போன வழி. அவர் எழுதிய நூலை உலகம் படித்தது. இவர்கள் புத்தகம் எழுதவில்லை. கண்டிச் சீமை என்ற சொல்லை மட்டும் தங்கள் பாட்டுகளில் விட்டுச்சென்றார்கள்.

அந்த வடக்குப் பாதை 1899இல் மூடப்பட்டது. தூத்துக்குடி-கொழும்புக் கப்பலும், 1914 முதல் தனுஷ்கோடி-தலைமன்னார்ப் படகும் அதன் இடத்தைப் பிடித்தன. இடையில் 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியிருந்தது. ஹேவாஹெட்டையை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே வருடம். இரண்டு வருடம் கழித்து வந்த இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. கோப்பிக்கு ஆள் தேவைப்படுவது பழம் பறிக்கும் பருவத்தில்தான், பறித்து முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலை வருடம் முழுவதும் கொழுந்துவிடும். ஆகவே வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் லயத்தில் தங்கிவிட்டார்கள். ஒரு செடி மாறியதால் ஒரு மக்கள் கூட்டத்தின் ஊர் மாறிற்று.

இங்கே கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். 1840ஆம் வருடத்து முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை என்றது. தோட்டக்காரர்கள் அதை வாங்கினார்கள். பள்ளத்தாக்கில் வயலோடு நின்ற கிராமத்துக்கு மேலே தேயிலை ஏறியது. தங்கள் காடு போய்விட்டது என்ற அவர்களின் துயரம் பொய்யானதல்ல. ஆனால் எடுத்தவன் இங்கிலாந்தில் இருந்தான், கண்ணுக்குத் தெரிந்தவன் லயத்தில் இருந்தான். கோபம் கண்ணுக்குத் தெரிந்தவன் மேல் விழுந்தது. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டதற்கும், 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரை எண்களாகப் பிரித்துக்கொண்டதற்கும், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது கண்டி, கம்பளைப் பகுதிகளில் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியோடு விரட்டப்பட்டதற்கும் அந்தக் கோபமே எரிபொருளாயிற்று. ஒப்பந்தப்படி கப்பலேறியவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும், மறுபடியும் ஒரு மலையில், மறுபடியும் தேயிலைக்குள் இறக்கப்பட்டனர். இங்கே இந்தியர் என்று பெயர் பெற்றிருந்தவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் சிலோன்காரர்.

இந்த வரலாறு இப்போது எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களின் சரிவுகள் இடிந்து இறங்கின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரியது. மண் இறங்கும்போது சிங்களக் கிராமம், முஸ்லிம் கிராமம், தோட்டத்து லயம் என்று பார்த்து இறங்கவில்லை. வேற்றுமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கிராமத்தவருக்குப் போன காணிக்கு ஓர் உறுதியாவது இருக்கும். அதைக் காட்டி மாற்றுக் காணி கேட்கலாம். லயத்தில் நாலு தலைமுறை இருந்தவருக்குக் காட்ட என்ன இருக்கிறது? நிலம் அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது, அறை தோட்டத்தினுடையது. வீடிழந்தவர் என்று ஒருவரைப் பதிவதற்கு அவருக்கு வீடு என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் புதையுண்டபோதும் இதே கேள்விதான் எழுந்தது. அங்கே ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கப்பட்டவர்கள் போவதற்கு நிலம் இல்லை.

இவர்களுக்குக் காணி கொடுக்கும் பேச்சு எழுகிற ஒவ்வொரு தடவையும், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மலைநாட்டு மண்ணா என்ற குரல் எங்கிருந்தோ கேட்கும். அந்தக் குரலுக்கு நம்மவர்கள் வழக்கமாக அளிக்கும் பதில், எங்கள் உழைப்பினால்தான் நாடு வாழ்ந்தது என்பது. அது உண்மைதான். ஆனால் உழைத்தவனுக்குக் கூலி கொடுத்தாயிற்று என்று எதிராளி கணக்கை முடித்துவிடலாம். வழிகளின் வரலாற்றை முன்வைத்தால் அப்படி முடிக்க இயலாது. கண்டிக்கு எல்லோரும் ஏதோ ஒரு கணவாய் வழியாக வந்தவர்களே. தேரர் சீயத்திலிருந்து வந்தார், அரசி மதுரையிலிருந்து வந்தாள், உப்பு கரையிலிருந்து வந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் வெளியார் என்று எழுதிய முதல் காகிதம் 1815 மார்ச் 2ஆம் திகதியிடப்பட்டது. எழுதியவர்கள் போய்விட்டார்கள்.

2023இல், மலையகம் இருநூறு என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்து வந்தது. வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன. இரண்டு வருடம் கழித்துப் புயல் வந்தபோதும் அவர்களில் பலரின் கடிதங்கள் தோட்டத்துக் கந்தோருக்கே வந்துகொண்டிருந்தன.